வளைவின் இடது கால்

இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தைப் பார்த்து எனக்கு உள்ளங்கை வியர்த்தது ஒரே ஒரு சாயங்காலம்தான். மற்றபடி அது எனக்குச் சோறு போடும் சங்கதி. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பரீட்சையில் வரைபடத்துக்கு எட்டு மார்க். "கையெழுத்து மோசமா இருந்தாலும் பரவாயில்ல, கோடு மட்டும் வழுக்கிட்டுப் போகணும், எட்டும் நமக்குத்தான்" என்று பிள்ளைகளிடம் வருஷம் தவறாமல் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் கோடு இரும்புக் குழாயாக எங்கள் தெருவின் குறுக்கே நின்றது. உச்சி பதினாறு அடி. வளைத்து வெல்டு அடித்தவன் என் அண்ணன். கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான்.

எங்கள் தெருக்கோடியில் அய்யாவழிக்காரர்கள் கூடி வழிபடும் நிழல் தாங்கல் இருக்கிறது. வருஷா வருஷம் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம், தெய்வமாகக் கும்பிடும் அய்யாவின் வாகனம் ஊர் சுற்றி வரும். தலைப்பாகை கட்டிய ஆட்கள் முன்னும் பின்னுமாக நீளத் தண்டுக்குத் தோள் கொடுத்துச் சுமப்பார்கள். வாகனத்துக்கு மேலே பெரிய குடை. வீட்டுக்கு வீடு வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்து வாசல் நடையில் காத்து நிற்பார்கள். அந்தக் காணிக்கைக்குச் சுருள் என்று பெயர்.

எங்கள் தெருவில் முதல் சுருள் அத்தை வீட்டில். அப்பாவின் தங்கச்சி. தெருவுக்குள் நுழையும் வாகனம் நேராக வராது. நுழையும்போதே இடது ஓரமாக ஒதுங்கி வந்து, அத்தை வீட்டு நடையை ஒட்டி நின்று, சுருளை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நடுத்தெருவுக்குத் திரும்பும். எனக்கு ஓர்மை தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அண்ணனுக்கும் அத்தைக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அண்ணன் வளைகுடாவில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்து, பந்தலும் லைட்டும் போடும் தொழில் தொடங்கியவன். சாமான் ஏற்றும் குட்டியானை வண்டியைத் தெருவில் திருப்பும்போது ஒருநாள் பின்சக்கரம் அத்தை முற்றத்து ஓரத்தில் ஏறி, பிச்சிச் செடி நசுங்கிவிட்டது. விஷயம் அவ்வளவுதான். "பாத்து ஓட்டப்பிடாதா?" என்று அத்தை கேட்டாள். மன்னித்துவிடு என்று சொல்லியிருந்தால் ஒரு சாயாவோடு முடிந்திருக்கும். என் அண்ணனுக்கு வெல்டிங்கில் கை சுத்தம், வாய்தான் சரியில்லை. "அரை அடி மண்ணுக்கா இந்தச் சாட்டம்?" என்று கேட்டுவிட்டான். அத்தையும் சும்மா இருக்கிறவள் இல்லை. "அந்த அரை அடியில இனி நீ காலு சவுட்டினியானா பாத்துக்க" என்றாள். அதோடு சரி. அண்ணன் தன் வீட்டுக்குப் போகும்போதுகூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருஷம் தெரு முகப்பில், அத்தை வீட்டுக்கு நேரே, அலங்கார வளைவு வைக்கும் வேலையைத் திருவிழாக் கமிட்டி அண்ணனிடம் கொடுத்தது. சொந்த ஊரில் அவனுக்கு அதுதான் முதல் வேலை. எட்டூருக்கு வளைவு வைத்தவன், சொந்த ஊரில் வைக்கப்போகிறோம் என்றதும் கல்யாணப் பையன் போல ஆகிவிட்டான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, "மக்கா, கையால வளைச்சா ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து நிக்கி. நீ கணக்குல வளைச்சுத் தா" என்றான்.

என் போனில் வரைபடம் போடும் ஆப் ஒன்று இருக்கிறது. y = x² என்று அடித்தேன். கிண்ணம் போல ஒரு கோடு திரையில் வந்து உட்கார்ந்தது. முன்னால் ஒரு மைனஸ் போட்டேன், கிண்ணம் கவிழ்ந்தது. "இனி பதினாறு கூட்டுகேன், பாரு" என்றேன். கவிழ்ந்த கிண்ணம் வடிவம் மாறாமல் அப்படியே மேலே ஏறி, உச்சி பதினாறில் போய் நின்றது. x²-க்கு முன்னால் இருக்கும் எண்ணைக் குறைத்தேன், இரண்டு காலும் அகன்றன. கூட்டினேன், ஒடுங்கின. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "ரிமோட்டு கணக்கால்லா இருக்கு! பக்கவாட்டுல தள்ள ஏலுமா?" என்றான். x என்று இருந்த இடத்தில் அடைப்புப் போட்டு x + 2 என்று மாற்றினேன். வளைவு இடது பக்கம் இரண்டு கட்டம் நகர்ந்தது. "கூட்டினா வலப்பக்கம்லா போணும்?" என்றான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இதே இடத்தில்தான் மார்க்கை விடுவார்கள். "அடைப்புக்குள்ள கூட்டினா இடப்பக்கம்தான். கேள்வி கேக்காத" என்றேன்.

நான் முதலில் போட்டது இருபத்தாறு அடி அகல வளைவு. தெரு இருபது அடிதான். இடது பக்கம் சாக்கடை ஓடை, அதைத் தாண்டினால் அத்தை வீட்டு முற்றம். வலது பக்கம் வெறும் புறம்போக்கு. இடது கால் எங்கே வந்து விழும் என்று கேட்டான். காட்டினேன். முகம் மாறிவிட்டது. "அவ மண்ணுல ஒரு நூல் அளவு வேண்டாம். ஒடுக்கு" என்றான்.

ஒடுக்கினேன். கால்கள் இருபது அடிக்குள் வர வேண்டுமென்றால் x²-க்கு முன்னால் இருக்கும் எண்ணைப் புள்ளி ஒன்று ஆறு ஆக்க வேண்டியிருந்தது. உச்சி அதே பதினாறில் நின்றது. இரண்டு தோளும் மட்டும் சரசரவென்று இறங்கின. "தோளு தாழுதே, அண்ணே" என்றேன். "நடுவுல லாரி போகுமா?" என்று கேட்டான். "போகும்." "அது போரும்." வளைவு வைக்கிறவர்களின் வழக்கமே அதுதான். நடுவில் பஸ் போகுமா, லாரி போகுமா என்று பார்ப்பார்கள். பஸ்ஸும் லாரியும் நடுவில்தான் போகும். வாகனத்துக்கும் நடு உயரத்தைத்தான் பார்த்தோம். குடையோடு சேர்த்துப் பன்னிரண்டு அடி. நடுவில் நான்கு அடி மிச்சம். தாராளம் என்று நினைத்தோம்.

கடைசி நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. வளைவில் சீரியல் லைட் எரிந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஓடுகிற வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கோடு நான் போட்டது என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன். அத்தை நடையில் குத்துவிளக்கை வைத்து, திரியை நிமிண்டிக்கொண்டிருந்தாள். புதுச் சேலை, நெற்றியில் நாமம், பக்கத்தில் ஸ்டூலில் சுருள் தட்டு.

அவள் நின்ற இடத்தையும் வளைவையும் ஒரே பார்வையில் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வாகனம் அங்கேதானே வந்து நிற்கும். அதன் நடு, தெருவின் நடுவிலிருந்து நான்கு அடி இடது பக்கமாக வரும். குடையின் விளிம்பு இன்னும் இரண்டரை அடி தள்ளி. போனை எடுத்து ஆறரை என்று போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் வளைவின் உயரம் ஒன்பது அடி சொச்சம். குடை பன்னிரண்டு. பக்கத்துத் தெருவில் செண்டை மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது. வாகனம் அங்கே வந்துவிட்டது.

அண்ணன் ஜெனரேட்டர் பக்கத்தில் வேலையாட்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சொன்னேன். முதலில் நம்பவில்லை. "வெப்ராளப்படாத ஏட்டி, நடுவுல நாலடி கெடக்கு" என்றான். "வாகனம் நடுவுலயா வரும்? முதல் சுருளு யாரு வீட்டுல?" என்று கேட்டேன். அவன் அப்போதும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது. பிறகு பேசாமல் போய்ப் பன்னிரண்டு அடிச் சவுக்குக் கம்பு ஒன்றை எடுத்து நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து இடது பக்கம் நடந்தான். ஐந்தாவது அடியில் கம்பு குழாயில் ணங்கென்று இடித்தது. அத்தை வீட்டு நடை இன்னும் தள்ளி இருந்தது.

சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். கமிட்டித் தலைவரும் வந்தார். அவர் கம்பைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், அத்தையின் நடையைப் பார்த்தார், கடைசியாக அண்ணனைப் பார்த்தார்.  பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வேணும்னே வச்சிருக்கான். அவளுக்க நடைக்கு அய்யா போகப்பிடாதுன்னு வச்சிருக்கான்."

அண்ணன் முகம் வெளுத்துப்போனது. அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. கோபம் வந்தால் நேருக்கு நேர் கத்துவானே தவிர, அய்யாவைக் குறுக்கே நிறுத்திப் பழி வாங்குகிற புத்தி அவனுக்குக் கிடையாது. ஆனால் வாகனம் அன்றைக்கு அந்த நடைக்குப் போகாவிட்டால் ஊர் அதைத்தான் சொல்லும். நாளைக்கும் சொல்லும், அவன் பிள்ளைகளிடமும் சொல்லும். அத்தையும் அதையே நம்புவாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடும் ஒட்டவே ஒட்டாது. எனக்குப் பயமே அதுதான்.

"அத்தைய கொஞ்சம் நடுத்தெருவுக்கு வந்து சுருளு வைக்கச் சொன்னா என்ன?" என்றார் தலைவர்.

அத்தைக்குக் காது நல்ல கூர்மை. ஓடைக்கு அப்பாலிருந்தே பதில் வந்தது. "நாப்பது வருஷமா அய்யா எனக்க நடைக்கு வாறாரு. இன்னைக்கு ஒருத்தனுக்க வளைவுக்காக நான் தெருவுல எறங்கி நிக்கணுமா? வரலேன்னா வேண்டாம். வெளக்க அணைச்சிட்டு உள்ள போறேன்."

"அவுத்துப் போடுகேன்" என்றான் அண்ணன்.  தலைவர் தலையை ஆட்டினார். முடுக்கிய போல்ட்டும் சுற்றிய ஒயரும் அவிழ்த்து முடிப்பதற்குள் வாகனம் வந்து நின்றுவிடும். பாதி அவிழ்த்த இரும்பு யார் தலையிலாவது விழும். வளைவை முன்னால் நகர்த்தலாம் என்றால் மாமரக் கொம்பு, பின்னால் என்றால் தாழ்வாகத் தொங்குகிற கரண்டுக் கம்பி.

"காலுக்கு அடியில கல்லு வச்சுத் தூக்குவோம்" என்றான். உச்சியைக் காட்டினேன். அதற்கு மேலே இரண்டடியில் இன்னொரு கரண்டுக் கம்பி போனது. நமக்கு வேண்டியது மூன்றடி. "காலை அகத்தினா?" வெல்டு அடித்த குழாய் எப்படி அகலும்? உயரத்தை மாற்ற முடியாது, வடிவத்தை மாற்ற முடியாது. மிச்சம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவனுக்கும் தெரிந்துவிட்டது. போனில் வளைவு இடது பக்கம் நகர்ந்ததைப் பார்த்தவன்தானே.

"எவ்வளவு தள்ளணும்?" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டடி."

"காலு எங்க விழும்?"

ஓடை ஒன்றரை அடி அகலம். "அவுக முற்றத்துல. அரை அடி உள்ள."

 செண்டைச் சத்தம் திரும்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. "அய்யா சிவ சிவ அரகரா" என்கிற குரல்கள் தனியாகக் கேட்க ஆரம்பித்தன. "நீ போயிக் கேளு" என்றான் அண்ணன் என்னிடம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு கேட்டிருப்பேன். நேரமில்லை. ஓடினேன்.

அத்தை விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அணைக்கவா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"அவனா அனுப்பினான்?"

"இல்ல அத்தே, நான்தான் வந்தேன். வளைவ ரெண்டடி இந்தப் பக்கம் தள்ளினா வாகனம் ஒங்க நடைக்கு வந்திரும். காலு மட்டும் உள்ள கொஞ்சம் விழும்."

"எவ்வளவு?"

"அரை அடி."

அத்தை சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அன்னைக்கு அவனுக்க வண்டி ஏறினதும் அரை அடிதான். அரை அடி மண்ணுன்னு சொன்னாம்லா? இன்னைக்கு அந்த அரை அடி வேண்டியிருக்கு."

"அத்தே, வாகனம் வந்தாச்சு."

அவள் தெருமுனையைப் பார்த்தாள். குடையின் நுனி வேலிக்கு மேலே தெரிந்தது. கண் கலங்கியதோ, விளக்குப் புகையோ, எனக்குத் தெரியாது. "அய்யாவுக்காகச் சொல்லுகேன். இரும்புக் காலு இங்க ஊனட்டும். அவனுக்க காலு எனக்க முற்றத்துல படப்பிடாது. போ."

திரும்பி ஓடி வந்து முதல் பாதியை மட்டும் சத்தமாகச் சொன்னேன். இரண்டாம் பாதியை அண்ணன் காதில் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். உடனே லைட்டை அணைத்தார்கள், கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்தார்கள். காலுக்கு ஆறு பேர் வீதம் நின்றார்கள். அண்ணன் வலது காலில், வேலையாட்கள் இடது காலில். "தூக்கு" என்று தலைவர் கத்தினார். வளைவு தரையை விட்டு எழும்பியது.

"இடது பக்கம்!" என்று கத்தினேன். என்னைப் போல அறிவாளி உண்டா? வலது காலைத் தூக்கியவர்கள் தாங்கலைப் பார்த்து நின்றார்கள். இடது காலைத் தூக்கியவர்கள் தெரு முகப்பைப் பார்த்து நின்றார்கள். ஆளுக்கு ஆள் தன் தன் இடது பக்கம் நகர, வளைவின் நடு முறுகி, இரும்பு கரகரவென்று முனகியது. உச்சி ஆடி மேலே போகிற கம்பிக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் எது கூட்டல் எது கழித்தல் என்று எல்லாமே மறந்துபோனது. பக்கத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். "அத்தை வீட்டுப் பக்கம்! எல்லாரும் அத்தை வீட்டுப் பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது எல்லோருக்கும் புரிந்தது. பைய நகர்ந்தார்கள். இடது கால் ஓடையைத் தாண்டி முற்றத்தில் இறங்கியது. வலது கால் தெருவுக்குள் இரண்டடி வந்து நின்றது.

அண்ணன் கம்பை எடுத்து அத்தை நடைக்கு நேரே பிடித்தான். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றே பிடித்தான். கம்பின் நுனிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண். "போரும்" என்றான். வேலையாட்கள் லைட்டைப் போட்டுவிட்டு, கயிற்றைத் திரும்பக் கட்ட வலது பக்கம் ஓடினார்கள். வாகனம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சங்கு ஊதினார்கள். கூட்டம் விலகியது.

நான் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமக்கிறவர்கள் வழக்கம் போலவே இடது ஓரமாக ஒதுங்கினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாகப் போகும். இருபது அடி தூரம் இருக்கும்போது வளைவின் வெளிச்சம் லேசாகச் சரிந்த மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். சரிந்துதான் இருந்தது. மழையில் ஊறிய முற்றத்து மண்ணில் இடது கால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் இடைவெளியில் பாதி போய்விட்டது. மீதியும் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, காலு தாழுது!"

அண்ணன் பார்த்தான். முற்றத்தில் ஆள் இல்லை. வாகனத்தை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் செண்டைக்கும் சங்குக்கும் நடுவில் யார் குரல் யாருக்குக் கேட்கும்? தண்டின் அடியில் தலை குனிந்து வருகிறவர்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. "ஜெனரேட்டர நிறுத்துலே!" என்று அண்ணன் கத்தினான். ஈர மண், இரும்பு, கரண்டு என்று அவனுக்குத் தோன்றியது, நல்ல வேளை. லைட் அணைந்து தெரு இருண்டது. அந்த இருட்டில் அவன் ஓடையைத் தாண்டி அத்தை முற்றத்துக்குள் குதித்தான். சேற்றில் கணுக்கால் வரை புதைந்தான். வளைவுக் காலின் குறுக்குக் குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினான்.

வளைவு நிமிர்ந்தது. நாலு விரல், ஐந்து விரல், அவ்வளவுதான் இருக்கும். குடை அதன் அடியில் நுழைந்தது. குடையின் குஞ்சம் ஒன்று குழாயை உரசிச் சென்றது. என் நெஞ்சும் கூடவே உரசிக்கொண்டு போனது. வாகனம் அத்தை வீட்டு நடைக்கு முன்னால் நின்றது.

வெளிச்சம் என்று இருந்தது அத்தையின் குத்துவிளக்கு மட்டும்தான். அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம். அவன் முகத்தில் நரம்பெல்லாம் புடைத்து நின்றது. கால் சேற்றில் வழுக்க வழுக்க, திரும்பத் திரும்ப ஊன்றிக்கொண்டான். அத்தை அவனைப் பார்த்தாள். அவள் முற்றத்தில் அவன் நிற்பதைப் பார்த்தாள். இப்போது ஒரு வார்த்தை வாயைத் திறந்தால், அவன் தோளை எடுத்தாலும் எடுத்துவிடுவான். இரண்டு பேருக்கும் ரோஷத்தில் பஞ்சமே கிடையாது.

அத்தை வாகனத்தைப் பார்த்துத் திரும்பித் தட்டை நீட்டினாள். மற்ற வருஷங்களில் நின்று நிதானமாக, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பேரையும் சொல்லி வேண்டிக்கொள்வாள். சுமக்கிறவர்களுக்குத் தோள் வலிக்கும், அவள் முடிக்க மாட்டாள். அன்றைக்குச் சட்டென்று முடித்தாள். "போரும், அய்யாவக் கொண்டு போங்க, சுமக்கிறவனுக்குத் தோளு நோவும்" என்றாள். அவள் யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வாகனம் நடுத்தெருவுக்குத் திரும்பி, வளைவைக் கடந்து போனது. வேலையாட்கள் பலகையோடு ஓடி வந்து காலுக்கு அடியில் கொடுத்தார்கள். அண்ணன் தோளை எடுத்தான். சட்டை கிழிந்து, தோளில் ரத்தம் கன்றியிருந்தது. அவன் யாரையும் பார்க்காமல் ஓடைப் பக்கம் திரும்பினான். தாண்டுவதற்குக் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கினான், ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"ஏலே" என்றாள் அத்தை.

அவன் நின்றான்.

"சேத்துக் காலோட ஓடையில விழுந்து தொலையாத. உள்ள போயிக் கழுவு. தோளுல எண்ணெ போட்டுத் தாரேன்."

அண்ணன் அசையவில்லை. கால் கழுவ வேண்டுமென்றால் முன்வாசல் ஏறி, பட்டாசாலை என்கிற முன்கூடம் வழியாகத்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும். அத்தை காலையில்தான் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள், பளபளவென்று கிடந்தது. அவன் தன் காலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தரை அழுக்காயிரும், அத்தே."

"அழுக்கானா தொடைக்கேன். ஏறு."

அவன் ஏறினான். ஒவ்வொரு அடிக்கும் கறுப்பாகச் சேறு பதிந்துகொண்டே போனது. அத்தை விளக்கைத் தூக்கிப் பிடித்து அவனுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். அந்தத் தரையில் ஒரு துளி தண்ணீர் சிந்தினால் என்னை வறுத்தெடுப்பவள், வாயே திறக்கவில்லை. நான் முற்றத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.